குழாய்க்குப் போட்ட போர்வை

என் வீட்டுக்காரர் கசோகாவுக்கு மூளை இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இருக்கிறது. ஆனால் அது வேலை செய்யத் தொடங்கினால் வீட்டில் வேறு ஏதாவது ஒன்று வேலை செய்வதை நிறுத்திவிடும். ஒருமுறை ரேடியோ நின்றது. இன்னொரு முறை நன்றாகப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஆடு நின்றது. இந்த முறை தண்ணீர்.

அதுவும் எப்போது? எங்கள் ஒரே மகள் முக்காமியைப் பெண் கேட்டுச் சம்பந்தி வீட்டார் மலையேறி வரப்போகிற நேரத்தில்.

எங்கள் மலையில் ஆறு கிடையாது, கிணறும் கிடையாது. தோண்டினால் சூடுதான் வரும். பெய்கிற மழையை மண் ஒரே மடக்கில் குடித்துவிட்டு அடியாழத்துக்கு அனுப்பிவிடும். அங்கே கொதிக்கிற பாறை அதை வேகவைத்து, இடுக்குகள் வழியாக வெள்ளை ஆவியாக மேலே துப்பும். நாங்கள் அந்த இடுக்கின் வாயைக் கல்லும் மண்ணும் வைத்துப் பூசி, ஒரு நீள இரும்புக் குழாயைச் சொருகி, சரிவாகத் தொட்டி வரைக்கும் கொண்டுபோவோம். ஒரு முனையில் ஆவி நுழையும், மறுமுனையில் தண்ணீர் சொட்டும். இதைத்தான் குடிக்கிறோம், குளிக்கிறோம், மாட்டுக்குக் காட்டுகிறோம். குளிர் நாளில் நிறையச் சொட்டும், வெயில் நாளில் கஞ்சத்தனம் பண்ணும். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. பசு ஏன் பால் கறக்கிறது என்று கேட்டுக்கொண்டா பாத்திரத்தை வைக்கிறோம்?

கசோகாவுக்கு மலையடிவாரத்து நீராவி மின்நிலையத்தில் வாசற்காவல் வேலை. அவர் நடையைப் பார்த்தால் அந்த நிலையமே அவர் வாயிலிருந்து வரும் ஆவியில் ஓடுகிறது என்று நினைப்பீர்கள். ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர், தொப்பியைக்கூடக் கழற்றாமல் எங்கள் குழாய் முன்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

"முக்காமி அம்மா, இங்க வா. நாம எவ்வளவு பெரிய முட்டாளுங்கன்னு தெரியுமா உனக்கு?"

"நாமன்னு என்னை எதுக்குச் சேர்க்கறீங்க?"

"கீழ கம்பெனிக் குழாயைப் பார்த்திருக்கியா? எல்லாத்துக்கும் கெட்டியா பஞ்சு சுத்தி, மேல பளபளன்னு தகடு போட்டிருக்கான். கையை வச்சா சில்லுன்னு இருக்கும். ஒரு பொட்டு சூடு வெளிய போகாது. படிச்சவன் பண்றது. நாம? குழாயை அம்மணமா மலைமேல போட்டு வச்சிருக்கோம். சூடெல்லாம் காத்துல போகுது. நம்ம செலவுல மேகம் குளிர் காயுது!"

"இத்தனை காலம் தண்ணி வந்துச்சே."

"வந்துச்சு. சூடு போனது போக மிச்சம் வந்துச்சு. போகாம இருந்தா எவ்வளவு வரும்? யோசிச்சுப் பாரு."

நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் சரியென்றே பட்டது. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஊரில் பழைய சாமான் விற்கிறவனிடம் பேரம் பேசி மூட்டை மூட்டையாகப் பஞ்சும் தகடும் வாங்கி வந்தார். இரண்டு நாள் லீவு போட்டார். தொட்டியிலிருந்து மேல்வாய் வரைக்கும் குழாயைச் சுற்றிச் சுற்றிக் கட்டி, தகட்டைப் போட்டு, கம்பியால் இறுக்கினார். முடித்ததும் வெயில் பட்டு அது மின்னிய மின்னலில் கோழிகள் கிட்டே போகவே பயந்தன. தொட்டிப்பக்க முனையிலிருந்து ஆவி புஸ்ஸென்று காளைமாடு மூச்சு விடுவதுபோல் பீறிட்டது.

"பார்த்தியா வேகத்தை! இதுக்கு முன்னால கிழவன் கொட்டாவி விடற மாதிரி இருந்துச்சு. இப்பப் பாரு!"

"ஆவி வருது. தண்ணி எங்க?"

"வரும். புதுக் குழாய் பழகணும்ல."

"குழாய் பழசுதானே? போர்வைதானே புதுசு?"

"எதுக்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி!" என்றார். பதில் இல்லாதபோது அவர் சொல்லும் பதில் அதுதான்.

பக்கத்து வீட்டு முதூரி வந்து பார்த்து வாயைப் பிளந்தார். முதூரி எங்கள் பக்கத்தில் எந்தக் கல்யாணப் பேச்சு நடந்தாலும் பெண்வீட்டுச் சார்பில் பேசுகிறவர். பேச்சில் சூரன், மற்றதில் கசோகாவின் சிஷ்யன். அவர் வாயைப் பிளந்தால் ஊர் பிளக்கும். ஒரு வாரத்துக்குள் மலைச்சரிவில் போர்த்தப்படாத குழாய் ஒன்றுகூட இல்லை. பஞ்சு கிடைக்காதவர்கள் கம்பளியைச் சுற்றினார்கள். கம்பளி இல்லாதவர்கள் கோணிப்பை. முதூரி தன் வீட்டு மெத்தையையே கிழித்துக் குழாய்க்குக் கட்டிவிட்டு, பெண்டாட்டியோடு வெறும் கட்டிலில் படுத்தார். சர்ச் பாட்டுக்குழுவின் பழைய அங்கிகள்கூட ஒரு குழாய்மேல் வரிசையாகக் கிடந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் எங்கள் மலைக்கே குளிர்காய்ச்சல் கண்டதுபோல் இருந்தது.

தண்ணீர் குறைந்தது. நாளுக்கு நாள் குறைந்தது. யாரும் போர்வையைச் சந்தேகப்படவில்லை. வறண்ட காலம் என்றார்கள். யார் பாவமோ என்றார்கள். முதூரி, இன்னும் கனமாகப் போர்த்தவேண்டும் என்றார். போர்த்தப் போர்த்தக் குறைந்தது, குறையக் குறையப் போர்த்தினார்கள். குழாய் முனைகளில் மட்டும் ஆவி ஜம்மென்று கிளம்பி, எங்கள் குடிதண்ணீரை எங்கள் கண்முன்னாலேயே வானத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு மட்டும் வேறொரு கவலை. காரணம் கிராகுவின் அம்மா.

கிராகுதான் மாப்பிள்ளை. ஏரிக்கரைப் பூத்தோட்டத்தில் லாரி ஓட்டுகிறான். முக்காமி அங்கே ரோஜாக்களைத் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தாள். அவள் இவனை எப்படித் தரம் பிரித்தாளோ, பிரித்துவிட்டாள். பையன் தங்கம். அவன் அம்மாதான் வேறு ரகம். நைவாஷா ஏரி ஓரத்தில் வீடு, முற்றத்திலே குழாய், திருப்பினால் கொட்டும் தண்ணீர். அந்த அம்மா எங்களைப் பற்றிச் சொன்னது எனக்கு அப்படியே வந்து சேர்ந்தது: "கல்லைப் பிழிஞ்சு குடிக்கிற ஊர்லயா என் பையன் பொண்ணெடுக்கப் போறான்? சரி, வரேன். வந்தவங்க வாய்க்கெல்லாம் ஆளுக்கொரு கப் டீ குடுக்கட்டும். அதுக்கே வக்கில்லைன்னா அங்கேயே பேச்சை முடிச்சுட்டு இறங்கிடுவேன்."

எங்களில் பெண் கேட்டு வந்தவர்கள் வாய் நனையாமல் திரும்பினால், அந்த வாசலுக்கு மறுபடி வரமாட்டார்கள். அது தெரிந்துதான் அவள் சொன்னாள். முப்பது பேருக்கு மேல் வருவார்கள். எங்கள் தொட்டியின் அடியில் ஒரு தவளை குடித்தனம் நடத்தக்கூடத் தண்ணீர் இல்லை.

அவர்கள் வருவதற்கு முதல்நாள் கழுதைக்காரன் கீழிருந்து சில கேன் தண்ணீர் கொண்டுவந்தான். அது அவரைப் பயறு வேகவைக்கவும், உருளைக்கிழங்கு மசிக்கவும், ஆட்டுக்கறி கழுவவுமே போய்விட்டது. பனியில் வழுக்கும் பாதையில் மறுநாள் கழுதை ஏறாது என்று கையை விரித்துவிட்டான்.

"அந்தக் கர்மத்தைப் பிரிச்சுப் போடுங்க" என்று கசோகாவிடம் கெஞ்சினேன். "ஏதோ பழையபடி சொட்டுறது சொட்டட்டும்."

"சம்பந்தி வர்ற அன்னைக்கா? இந்தத் தகட்டைப் பார்த்துத்தான்டி அவங்க அசந்து போகணும். கீழ்நாட்டுக்காரங்களுக்கு நாம யாருன்னு தெரியவேண்டாமா?"

"நாக்கு வறண்டு சாகறவங்கன்னு தெரியும்."

முக்காமி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, இதுக்கு நான் அவரோட ஓடிப்போயிருந்தா டீச்செலவாவது மிச்சமாயிருக்கும்."

"வாயை மூடு. ஓடிப்போறவளுக்கு எதுக்கு நான் புதுத் துணி தைச்சேன்?" என்று கத்தினேன். அவள் சிரித்தாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா? அந்தப் பையன்மேல் உயிரையே வைத்திருந்தாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்தே மூடுபனி. எங்கள் பக்கம் ஜூலைதான் குளிர்காலம்; அந்தக் குளிர் எலும்பைத் தேடிப்பிடித்துக் கடித்தது. அவர்கள் வந்த மினிபஸ் பாதி மேட்டில் திணறி நின்றுவிட்டது. இறங்கி, இடுப்பளவு புதருக்குள் நடந்து வந்திருக்கிறார்கள். இலையிலிருந்த பனியெல்லாம் அவர்கள்மேல். எங்கள் வேலிக்கு வெளியே வந்து நின்றபோது கோட்டும் சால்வையுமாக எல்லாரும் குளத்தில் விழுந்து எழுந்தவர்கள்போல் இருந்தார்கள்.

பெண்வீட்டுப் பெண்கள் வாசற்கதவை உடனே திறந்துவிடமாட்டோம். உள்ளேயிருந்து பாடுவோம், வெளியே இருக்கிறவர்கள் பதிலுக்குப் பாடவேண்டும், ஆடவேண்டும், கெஞ்சவேண்டும். இதெல்லாம் சந்தோஷத்துக்கு. அன்றைக்கு எனக்கு அது நேரத்தை ஓட்டுவதற்கு. பின்னால் கசோகா குழாயின் முனையில் ஒரு பெரிய பானையை வைத்து, அதன் வாயைச் சுற்றித் துணி கட்டி, அதற்குள் வாயால் ஊதிக்கொண்டிருந்தார். எதற்கு ஊதினார் என்று அவருக்கே தெரியாது.

"யாரு வந்திருக்கிறது? திருடனா, விருந்தாளியா?" என்று பாடினோம்.

"ஆட்டுக்குட்டி ஒண்ணு இங்க இருக்குன்னு கேள்விப்பட்டு வந்தோம்" என்று அவர்கள் பாடினார்கள்.

"எந்த ஆட்டுக்குட்டி? கறுப்பா, வெள்ளையா?"

இப்படியே போனது. கல்யாணப் பாட்டெல்லாம் தீர்ந்தது. சர்ச் பாட்டுக்குப் போனோம். அதுவும் தீர்ந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஆரம்பித்தேன். என் பக்கத்துப் பெண்கள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். வெளியே பதில் பாட்டு போய், பல் தந்தியடிக்கும் சத்தம்தான் கேட்டது.

வேலிக்கு மேலே ஒரு பெரிய முகம் எழுந்தது. கிராகுவின் அம்மா. தடித்த கம்பளிக் கோட்டு, அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஆள் நல்ல வாட்டசாட்டம்.

"சம்பந்தியம்மா, ஏழாம் வாய்ப்பாடு போதும். கதவைத் திறக்கறீங்களா, இல்ல நாங்க இப்படியே இறங்கட்டுமா?"

திறந்தேன். வேறு என்ன செய்ய?

உள்ளே வந்தவள் யாருக்கும் கை கொடுக்கவில்லை. விறைத்த இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நேராகக் குழாயைப் பார்த்து நடந்தாள். "உங்க மலைக் குழாய் அடுப்பு மாதிரி இருக்கும்னு சொன்னாங்க. முதல்ல கையைச் சூடு பண்ணிக்கறேன், அப்புறம் மத்ததெல்லாம்" என்றாள்.

கசோகாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "வாங்க சம்பந்தியம்மா, தொட்டுப் பாருங்க. கம்பெனித் தரம்!"

அவள் இரண்டு உள்ளங்கையையும் தகட்டின்மேல் பதித்தாள். உடனே வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"என்ன இது? பொணம் மாதிரி சில்லுன்னு இருக்கு!"

"அதான் சம்பந்தியம்மா அதோட பெருமையே! ஒரு பொட்டு சூடு வெளிய வராது!"

"வெளிய வராத சூட்டை வச்சுக்கிட்டு யாரு குளிர் காயறது? உங்க தாத்தாவா?"

அவள் பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் தலைக்குள் ஏதோ ஒன்று டக்கென்று விழுந்தது. சில்லென்று இருக்கிறது. சூடு வெளியே வரவில்லை. சூடு உள்ளேயே இருந்தால் ஆவி ஆவியாகத்தானே இருக்கும்? பானை மூடியில் ஏன் நீர் கோக்கிறது? மூடி அந்தச் சூட்டை வாங்கி வெளியே விடுவதால்தானே? குளிர் நாளில் ஏன் நிறையச் சொட்டியது? அட கடவுளே. கம்பெனிக்காரனுக்கு ஆவி ஆவியாகவே போய்ச் சேரவேண்டும், அவன் சக்கரத்தைச் சுழற்றவேண்டும். அவன் போர்த்துகிறான். எனக்கு ஆவி தோற்றுப்போய்த் தண்ணீராக விழவேண்டும். நான் ஏன் போர்த்துகிறேன்?

"கசோகா!" என்று கத்தினேன். கல்யாணமானதிலிருந்து நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மனிதர் பானையைக் கீழே போட்டுவிட்டார். "கம்பெனி குழாயில தண்ணி விழுந்தா அவங்களுக்கு நல்லதா, கெட்டதா?"

"கெட்டது. தண்ணி சேர்ந்தா மெஷின் கெட்டுப்போகும்னு இன்ஜினியரு..." அவர் பாதியில் நிறுத்தினார். வாய் திறந்தபடியே நின்றது. ஆளுக்கு மூளை இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா?

நான் புதர் வெட்டும் கத்தியை எடுத்து முதல் கம்பியை அறுத்தேன்.

"ஐயோ, தகடு! சும்மாவா வாங்கினேன்!"

"தகட்டை உங்க தலையில கவுத்துக்குங்க!"

சம்பந்தி வீட்டார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நானும் கசோகாவும் ஆளுக்கொரு பக்கமாகத் தகட்டை இழுத்தோம். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. கடைசியில் தகடே விட்டுக்கொடுத்தது. அவர் பஞ்சுக் குவியலில் மல்லாந்து விழுந்தார். கிராகு ஓடிவந்து, அவரைத் தூக்குவதா என்னோடு சேர்ந்து பிரிப்பதா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுப் பிரிக்க ஆரம்பித்தான். அந்த நிமிஷமே அவன் என் மருமகன் ஆகிவிட்டான், அவன் அம்மா என்ன சொன்னாலும் சரி.

குழாய் வெளியே வந்தது. பழைய கறுத்த இரும்பு. குளிர் காற்று பட்டதும் முனையில் புஸ்ஸென்ற சத்தம் தணிந்தது. ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் ஒன்று. அப்புறம் ஒன்று. என் கண்ணில் தண்ணீர் அதைவிட வேகமாக விழுந்தது.

"இந்த வேகத்துல முப்பது பேருக்கு டீ எப்போ? பேரப்பிள்ளை பிறந்த பிறகா?" என்றாள் கிராகுவின் அம்மா. ஆனால் இப்போது குழாய் நிஜமாகவே அடுப்பாக இருந்தது. அவள் ஈரக் கோட்டைக் கழற்றி, உதறி, குழாயின்மேல் விரித்துப் போட்டாள். சுர்ரென்று சத்தம் வந்தது. அவள் போட்டதைப் பார்த்து மற்ற பெண்களும் ஈரச் சால்வைகளைப் போட்டார்கள். ஆண்கள் கோட்டைப் போட்டார்கள். குழாய் நீளத்துக்கும் ஈரத்துணி. வெள்ளைப் புகையாக ஈரம் மேலே கிளம்பியது.

முனையில் சொட்டு நூலானது. நூல் கயிறானது. மறுபடி எடுத்து வைத்த பானையில் தண்ணீர் சலசலவென்று விழுந்தது.

கசோகா பஞ்சிலிருந்து எழுந்து ஓடிவந்தார். "துணி காயறதுக்கு சூடு வேணும். குழாய்கிட்டயிருந்து பிடுங்குது. சூடு போகப் போக உள்ள ஆவி தண்ணியாகுது! வெளிய ஒரு தண்ணி ஆவியாகுது, உள்ள ஒரு ஆவி தண்ணியாகுது! நான் சொல்லல?"

"நீங்க சொல்லல" என்றேன்.

முதூரியும் பக்கத்து வீட்டாரும் ஏற்கெனவே தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். சரிவெங்கும் மெத்தையும் கோணியும் அங்கியும் பறந்தன. முதூரியின் பெண்டாட்டி மெத்தையைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போவது இங்கிருந்தே தெரிந்தது.

முதூரி மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். மாப்பிள்ளை பக்கம் பேச வந்த முச்செமி என்கிற ஒல்லி மனிதர், இருட்டுமுன் இறங்கவேண்டும், டீ ஆகும்வரை பேச்சைத் தொடங்கிவிடலாம் என்றார். யாருக்கும் குழாயை விட்டு நகர மனசில்லை. ஆகவே குழாயோரத்திலேயே வரிசையாக நின்றபடி, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கத்திக் கத்திக் கல்யாணம் பேசினோம்.

பெண்ணுக்காக மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்குக் கொடுக்கவேண்டிய ஆட்டுக் கணக்கை முதூரி சொன்னார். கொஞ்சம் அதிகம்தான். கசோகாவின் தகட்டுக்கும் சேர்த்துச் சொல்லியிருப்பார்போல.

"என்னது?" கிராகுவின் அம்மா கொதித்தாள். "தண்ணியில்லாக் காட்டுப் பொண்ணுக்கு இத்தனை ஆடா? முச்செமி, கிளம்பு!" என்று தன் கோட்டைக் குழாயிலிருந்து உருவினாள். அவள் உருவினால் அவள் பெண்கள் சும்மா இருப்பார்களா? சரசரவென்று பத்துப் பதினைந்து சால்வைகள் குழாயைவிட்டு எழும்பின.

கயிறு நூலானது. நூல் சொட்டானது. பானை பாதிகூட நிறையவில்லை.

"கோட்டைப் போடுங்க!" என்று அலறினேன். "சம்பந்தியம்மா, உங்க காலைப் பிடிக்கறேன், கோட்டை மட்டும் திரும்பப் போடுங்க! முதூரி, ஆட்டைக் குறைங்க!"

முதூரி குறைத்தார். அவள் கோட்டைப் போட்டாள். தண்ணீர் கொட்டியது. அவள் பானையைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏரிக்கரைக்காரிக்குப் புரிந்துவிட்டது. பாவி, மெல்ல ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. முதூரி ஒரு கணக்குச் சொல்வார். அவள் கோட்டின் ஒரு முனையை இரண்டு விரலால் தூக்குவாள். பெண்கள் எல்லாரும் தங்கள் சால்வை முனையைத் தூக்குவார்கள். கசோகா பானையைப் பார்த்து முனகுவார். "குறைச்சுத் தொலைங்க!" என்று நான் கத்துவேன். ஆடுகள் ஒவ்வொன்றாக எங்கள் கண்முன்னாலேயே ஏரிக்கரைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தன. உள்ளே அடுப்பில் முதல் பானைத் தண்ணீர் ஏறிவிட்டது. முக்காமி தேயிலை போட்டுப் பாலை ஊற்றினாள். இரண்டாவது பானையை முனையில் வைத்தோம்.

அப்போது தண்ணீர் தானாகவே குறையத் தொடங்கியது. யாரும் கோட்டைத் தொடவில்லை, ஆனாலும் குறைந்தது. கிராகுவின் அம்மா அதைக் கவனிக்கவில்லை. முதூரி சொன்ன புதுக் கணக்கும் அவளுக்குப் பிடிக்கவில்லை. இந்த முறை முனையைத் தூக்குவதோடு நிறுத்தாமல், எல்லாருக்கும் தெரியும்படி முழுக் கோட்டையும் உருவி எடுத்து, தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றினாள். பெண்களும் உருவினார்கள்.

தண்ணீர் கூடியது.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கசோகாதான் முதலில் குதித்தார். "காஞ்சிருச்சு! கோட்டு காஞ்சிருச்சு! காஞ்ச கோட்டு என் பஞ்சு மாதிரிதான்! எடுங்க சம்பந்தியம்மா, எடுத்துக்கிட்டே இருங்க! முதூரி, ஒரு ஆடும் குறைக்காதே!"

எங்கள் பக்கம் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். முதூரி கை தட்டினார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. காரணம் நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது பேர் முன்னால், கையில் காய்ந்த கோட்டோடு, மூக்குடைந்து நின்றாள். அவள் முகம் கறுத்தது. தலையைத் திருப்பி வாசற்கதவைப் பார்த்தாள். கதவு திறந்துதான் இருந்தது. இந்த மனுஷன் வாயால் என் மகள் வாழ்க்கை போயிற்றே என்று நினைத்தேன். எத்தனை ஆடு வேண்டுமானாலும் அவளே வைத்துக்கொள்ளட்டும், அந்தக் கதவை மட்டும் பார்க்க வேண்டாம் என்று மனசுக்குள் கதறினேன்.

சமையற்கட்டிலிருந்து முக்காமி வந்தாள். முதல் கப். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் தைத்த புதுத் துணி அழகாகத்தான் இருந்தது, ஆனால் மெல்லிசு. மூடுபனியில் அவள் கை நடுங்கி, கப் தட்டின்மேல் கிடுகிடுவென்று ஆடியது. குளிரா, பயமா, இரண்டுமா, தெரியவில்லை. வந்து அந்த அம்மா முன்னால் நின்றாள்.

"அத்தை, டீ" என்றாள்.

கிராகுவின் அம்மா கப்பை வாங்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தாள். அப்புறம் தன் கையிலிருந்த கோட்டைப் பார்த்தாள். குழாய்ச் சூடெல்லாம் அதில்தான் இருந்தது.

கோட்டை விரித்து என் மகள் தோளில் போட்டாள். போட்டுவிட்டுக் கழுத்துப் பொத்தானையும் மாட்டினாள். அந்தப் பெரிய கோட்டுக்குள் முக்காமியின் முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"ஆட்டை அப்புறம் பேசலாம்" என்று முச்செமியைப் பார்த்துச் சொன்னாள். "பொண்ணு நடுங்குறா, கண்ணு தெரியலையா உங்களுக்கெல்லாம்?"

பிறகுதான் கப்பை வாங்கினாள். ஊதினாள். ஒரு வாய் குடித்தாள். கசோகாகூட வாயை மூடிக்கொண்டிருந்தார். இன்னொரு வாய் குடித்தாள். நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சர்க்கரை பத்தலை" என்றாள்.

நான் அழுதுகொண்டே சர்க்கரை எடுக்க ஓடினேன்.